யாருக்குத் தெரியாத வாரிசு?

போன வாரம் சாப்பிடும்போது பெரியவள் ஒன்று சொன்னாள். ஒரு உயில் கேஸில் பேர் தெரியாத வாரிசுகளுக்கு வக்கீலாகக் கோர்ட்டே அவளை நியமித்திருக்கிறதாம். "பெரிய சோலி ஒண்ணும் இல்லப்பா. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு மெமோ போட்டா முடிஞ்சது" என்றாள். சின்னவன் சிரித்தான். உங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு நம் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்கள் அம்மா பின்னாலேயே வந்து, "இன்னும் ரசமே ஊத்தலையே" என்றாள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். நாலு பேரும் படியுங்கள்.

நான் உங்களைப் போல பி.எல். படித்தவன் இல்லை. ஹைஸ்கூல் முடித்து, ஒரு சீனியரிடம் நகல் எழுதிக்கொண்டே ப்ளீடர் பரீட்சை எழுதி, வக்கீலாக நிற்கச் சன்னது வாங்கியவன். நீங்கள் பேசுகிற தீர்ப்புகளில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் பேர் தெரியாத வாரிசுக்காக நான் நின்றிருக்கிறேன். அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும்.

புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒருவர் செத்துப் போகிறார். அவர் எழுதிய உயில் என்னிடம் இருக்கிறது என்று இன்னொருவர் கோர்ட்டுக்கு வருகிறார். வேறு வாரிசு இருந்தால் வந்து சொல்லட்டும் என்று கோர்ட் பேப்பரில் போடுகிறது, செத்தவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறது. யாரும் வருவதில்லை. அப்படியும் எங்காவது ஒருவர் இருந்துவிட்டால் அவருக்காகப் பேச ஆள் வேண்டுமே என்று ஒரு வக்கீலைக் கோர்ட் நியமிக்கிறது. கட்சிக்காரன் வந்து நம் கதவைத் தட்டாத வேலை இது. அதனால்தான் இந்த வேலை என்றால் எல்லாருக்கும் இளப்பம்.

எங்கள் காலத்தில் அந்த இளப்பத்தை ஒரு வேடிக்கையாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். கேஸ் எடுக்கும்போது தபேதார் வராந்தாவுக்கு வந்து, "பேர் தெரியாத வாரிசுகள்" என்று மூன்று தரம் கூப்பிடுவார். வராந்தாவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் குமாஸ்தா ஒருவர், "ஊர்ல இல்லைப்பா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தபேதாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஆஜர் இல்லை என்று சொல்லிவிடுவார். ஒரு மனுஷனுடைய நிலமும் வீடும் அந்தச் சிரிப்போடு கை மாறிவிடும்.

இந்து வாரிசுச் சட்டம் வந்து மகளுக்கும் பங்கு உண்டு என்று ஆகிச் சில வருஷம் இருக்கும். எனக்கு அப்படி ஒரு கேஸ் வந்தது. பூம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேரைச் சொல்லவில்லை, அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அங்கமுத்து என்று ஒரு பெரியவர். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய பூண்டுக் காடும் ஒரு வீடும் அவருக்கு இருந்தன. மனைவி முன்னமே போய்விட்டாள். அவர் ஆடி மாதக் காற்றில் நெஞ்சு கட்டிச் செத்துப் போனார். தம்பி மகன் உயிலோடு வந்தான். உயிலில் இருந்தது இதுதான்: "எனக்குச் சந்ததி இல்லாதபடியால் என் சொத்து முழுவதும் என் தம்பி மகனைச் சேர வேண்டியது." நோட்டீஸ் ஒட்டப் போன கோர்ட் அமீனாவும் விசாரித்து எழுதியிருந்தார்: "இறந்தவருக்குக் குழந்தை இல்லை என ஊரார் கூறினர்."

என்னை நியமித்த தாள் என் கைக்கு வந்த அன்றைக்கே, தம்பி மகனுடைய வக்கீலின் குமாஸ்தா என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு தாள். என் பேருக்கு மெமோ, டைப் அடித்துத் தயாராக இருந்தது. வாரிசுகள் சார்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

என் கட்சிக்காரனுக்கு ஆட்சேபணை இல்லை என்று எதிர்க்கட்சிக்காரன் டைப் அடிக்கிறான். நான் இன்னும் கேஸ் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

என் சீனியர் பக்கத்து மேஜையில் இருந்தார். பெரிய வக்கீல்தான், சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னார்: "போட்டுக் குடுப்பா. தெரியாத வாரிசுக்கு வக்கீல்னா, மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு மேளம். ரெண்டு தட்டு தட்டிட்டு எந்திரிச்சு வந்துரு."

"மாப்பிள்ளை இல்லைன்னு யாரு பாத்தா?" என்று கேட்டேன்.

"பாரு, மலைக்குப் போயிப் பாரு. குளிர்ல பல்லு தந்தி அடிச்சா திரும்பி வருவ" என்றார்.

நல்ல மனசால் நான் மலையேறினேன் என்று நினைக்காதீர்கள். அந்த டைப் அடித்த தாள்தான் என்னை ஏற்றியது.

கொடைக்கானல் போய், அங்கிருந்து காய்கறி ஏற்றப் போகிற ஒரு லாரியில் அந்த ஊருக்குப் போனேன். ஊருக்குள் நுழைந்ததும் பூண்டு வாடை. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். நான் பழனிக்காரன், அவர்கள் கேட்டால் ஊர்க்கதை பேசத் தயாராகப் போனேன். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"செத்துப்போன அங்கமுத்துவுக்குக் குழந்தை உண்டுங்களா?"

"குழந்தை இல்லீங்க" என்றார் டீக்கடைக்காரர்.

"குழந்தை போயி வருசக் கணக்காச்சு" என்றார் இன்னொருவர்.

பிறந்த குழந்தை செத்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டேன். தோட்டத்துப் பக்கம் போய் இன்னும் மூன்று நாலு பேரைக் கேட்டேன். ஒரே பதில். குழந்தை இல்லீங்க. அதற்குள் சேதி தெரிந்து தம்பி மகனே வந்துவிட்டான். சிவந்த ஆள், நல்ல மரியாதை. "வக்கீலய்யா, முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடைக்கானல்லருந்து ஜீப் வச்சுக் கூட்டியாந்திருப்பேனே" என்று சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்தான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சீனியர் சொன்னது சரிதான், பல்லும் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. வந்த லாரியிலேயே திரும்பிவிடலாம் என்று போய் நின்றேன். பூண்டு மூட்டை ஏற்றி முடிந்து, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் மேலே பார்த்துக் கத்தினார். "ஏலே குழந்தை, வெரசா அந்த முனையைப் பிடி. நிக்கிறான் பாரு, மாப்பிள்ளை கெணக்கா."

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நரைத்த மீசையோடு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவரு பேரே குழந்தையா?"

"குழந்தைவேலுங்க. எங்க சாமி பேரு. இந்தப் பக்கத்துல ஆம்பளைன்னா குழந்தைவேலு, பொம்பளைன்னா குழந்தையம்மா. கண்ணை மூடிட்டுக் கல்லு எறிஞ்சா ஒரு குழந்தை மேலதான் விழும்."

நம் பழனியில் பழனிச்சாமி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும் இல்லையா, அது மாதிரி. நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்ப சின்னப் பிள்ளைகளை என்னன்னு சொல்வீங்க?"

"புள்ளைன்னு சொல்வோம். வேற என்னன்னு சொல்றது?"

புரிகிறதா உங்களுக்கு? அந்த ஊரில் குழந்தை என்றால் பிள்ளை இல்லை. அது ஒரு ஆளுடைய பேர். அமீனா ஆபீஸ் தமிழில் கேட்டிருக்கிறார், நானும் ஆபீஸ் தமிழில் கேட்டேன். அவர்கள் ஊர்த் தமிழில் பதில் சொன்னார்கள்.

லாரியைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து மறுபடி கேட்டேன். "அங்கமுத்துவுக்குப் புள்ளை உண்டா?"

தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவன்கூட இழுக்காமல் நின்றான். தம்பி மகன் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான். பூண்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாள் கட்டை இறக்கி வைத்தாள்.

"ஒரே மக. குழந்தைன்னு பேரு. காப்பித் தோட்டத்து ஆளைக் கட்டிக்கிட்டுக் கீழ பெரும்பாறையில கெடக்கு."

"ஏம்மா, இதை ஏன் முதல்லயே யாரும் சொல்லலை?"

"குழந்தை இருக்கான்னு கேட்டீங்க. ஊர்ல இல்லை, இல்லைன்னாங்க. அந்தக் கோர்ட்டு ஆளும் அப்படித்தான் கேட்டாரு. அங்கமுத்து மக எங்கன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா?"

தம்பி மகன் அப்போதும் மரியாதையாகத்தான் பேசினான். "ஓடிப்போன பொம்பளைப் புள்ளைங்க. அதெல்லாம் கணக்குல வராதுங்கய்யா."

பாதிப் பேர் விவரம் தெரியாமல் சொன்னார்கள், பாதிப் பேர் தெரிந்தே சொன்னார்கள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வசமாகக் கிடைத்துவிட்டது. அதைக் கைவிட அவர்களுக்கு மனசில்லை. அந்த வாக்கியத்துக்குக் கோர்ட் முத்திரை குத்தி, டைப் அடித்து, என் மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் வெள்ளனே கிளம்பினேன். வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து தோட்டத்து லாரி ஒன்றில் மறுபடி மலையேறிப் பெரும்பாறை போனேன். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்தான் குழந்தை. முப்பது வயதுக்குள் இருக்கும். நான் அவளுடைய ஊரின் பேரைச் சொல்லி அங்கிருந்து வருகிறேன் என்றதும், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பா அனுப்புனாருங்களா?"

வழி நெடுக நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். உயில், நோட்டீஸ், ஆட்சேபணை. எல்லாவற்றையும் ஓரம் கட்டினேன். அவளுக்குத் தெரியாது. அப்பன் செத்து ஆடி போய், தை போய், மாசியும் பிறந்துவிட்டது. கொள்ளி வைத்தவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும், பேப்பரில் வந்துவிட்டது. மகளுக்கு மட்டும் தெரியாது.

உள்ளே உட்காரச் சொன்னாள். அடுப்புக்கு மேலே ஒரு கொத்துப் பூண்டு புகையில் கறுத்துத் தொங்கியது. பெரும்பாறையில் காப்பி விளையும், மிளகு விளையும், ஆரஞ்சு விளையும். பூண்டு விளையாது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அப்பா கொண்டாந்ததுங்க. வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போறேன்னு ஊர்ல சொல்லிட்டு இங்க வருவாரு. திரும்பிப் போறப்போ வத்தலக்குண்டு பஸ் நிக்கிற இடத்துல, பழனி போயிட்டு வர்ற ஆளுககிட்ட துண்ணூறு கேட்டு வாங்கி நெத்தியில பூசிக்குவாரு. இந்தத் தைக்கு வரலை. மூட்டு வலியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். புதுப் பூண்டு வந்ததும் இதை எடுக்கலாம்னு வச்சிருக்கேன்."

சொல்லித்தான் ஆக வேண்டும். "அம்மா, அப்பா ஆடியிலேயே போயிட்டாரும்மா."

அவள் அழவில்லை. எழுந்து அந்தப் பூண்டுக் கொத்தை இறக்கினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதே ஆணியில் திரும்ப மாட்டினாள்.

"யாரு கொள்ளி வச்சா?"

"உங்க சித்தப்பா மகன்."

"எனக்குச் சொல்லலையே" என்றாள். பிறகு அதையே மெதுவாக இன்னொரு தரம் சொன்னாள்.

உயில் கேஸ் விவரத்தைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "வேணாங்க. அப்பா எழுதி வச்சிருந்தா அது அவரு இஷ்டம். ஒரு தடவை அவரு பேச்சை மீறினேன். செத்த பொறவும் மீறணுமா?"

பிள்ளைகளா, இந்த இடத்தில் நிதானம் வேண்டும். நிலம் போய்விடும், கையெழுத்தைப் போடு என்று நான் ஒரு அதட்டு அதட்டியிருந்தால் அவள் கைநாட்டு வைத்திருப்பாள். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அதட்டத்தான் தோன்றியது. ஆனால் கட்சிக்காரியுடைய துக்கத்தை நம் ஆத்திரத்துக்கு விறகாகப் போடக்கூடாது. உயிலின் நகலை எடுத்து, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குச் சந்ததி இல்லாதபடியால்.

"அப்படின்னா?"

"எனக்குப் புள்ளையே இல்லை, அதனால எழுதி வைக்கிறேன்னு அர்த்தம்."

அவள் முகம் மாறிவிட்டது.

"எங்கப்பா அப்படிச் சொல்ல மாட்டாருங்க. போடி நாயேன்னு சொல்வாரு. எங்கயாச்சும் ஒழின்னு சொல்வாரு. என் மொகத்துக்கு நேராச் சொல்லியிருக்காரு. ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டாரு. இல்லாத புள்ளைக்கா பூண்டைத் தூக்கிக்கிட்டு மலை எறங்கி மலை ஏறுனாரு?"

முற்றத்துக்குப் போய் மிளகை அள்ளி வைத்துவிட்டு வந்தாள். "கோர்ட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

விசாரணை அன்றைக்கு அவளை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். தம்பி மகன் கூண்டில் ஏறினான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு.

"உங்க பெரியப்பாவுக்குக் குழந்தை உண்டா?"

"இல்லைங்க."

"உங்க ஊர்ச் சாமி மேல சத்தியமா?"

"சத்தியமாக் குழந்தை இல்லைங்க." கொஞ்சமும் தடுமாறவில்லை.

"சரி. புள்ளை உண்டா?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். அந்த வக்கீல் எழுந்து, "குழந்தைக்கும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம், வார்த்தையை வைத்து விளையாடுகிறார்" என்றார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடுறது யாருன்னு பாத்துருவோம். பதில் சொல்லுங்க" என்றார்.

"ஒருத்தி இருந்தா. பெரியப்பாவுக்கு ஆகாதவங்க."

"ஆகாதவளா, இல்லாதவளா?"

அவன் சொன்னான்: "நாங்க பொய் சொல்லலைங்க. குழந்தை ஊர்ல இல்லை. இல்லைன்னுதான் சொன்னோம்."

கோர்ட்டே சிரித்தது. என் சீனியரும் சிரித்தார். ஒரு பெண் பிள்ளையை உயிரோடு புதைக்கப் பார்த்திருக்கிறார்கள், இவர்களுக்கு அது சிலேடை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உயில் நிற்கவில்லை. மகளைப் பார்க்க வருஷா வருஷம் மலை இறங்கிய மனுஷன், சந்ததி இல்லை என்று எழுத முடியாது என்று தீர்ப்பாயிற்று. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் கூண்டுப் பக்கமே வரவில்லை. காடும் வீடும் அவளுக்கு வந்தன. டைப் அடித்த அந்த மெமோவில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால், பெரும்பாறையில் ஒரு பெண் இன்னும் அடுப்புக்கு மேலே பூண்டைத் தொங்கவிட்டு, அப்பாவுக்கு மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதை அவளுக்குச் செய்தவன் தம்பி மகன் மட்டும் இல்லை, நானும்தான் என்று ஆகியிருக்கும்.

அதனால் பெரியவளே, உன் கேஸ் கட்டில் "தெரியாத வாரிசுகள்" என்று இருக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுது: யாருக்குத் தெரியாத? கோர்ட்டுக்கா, மனுப் போட்டவனுக்கா, இல்லை நாம் போய்ப் பார்க்காததாலா? செத்தவர் ஊருக்குப் போ. போய், உன் வார்த்தையில் கேட்காதே. அவர்கள் வார்த்தை என்ன என்று தெரிந்துகொண்டு கேள்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். தம்பி மகன் கூண்டிலிருந்து இறங்கியதும் ஜட்ஜ், "அந்தப் பெண் எங்கே?" என்றார். வராந்தாவில் நிற்கிறாள் என்றேன். பேரைக் கேட்டு பெஞ்ச் கிளார்க் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தபேதார் வெளியே போனார். அத்தனை வருஷம் பேர் தெரியாத வாரிசுகளைக் கூப்பிட்ட அதே குரல்.

"குழந்தை."

வராந்தாவில் வெற்றிலைக் குமாஸ்தா, "யாருப்பா கோர்ட்டுக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தது, அழப்போவுது" என்றது உள்ளே வரைக்கும் கேட்டது. சிரிப்பும் கேட்டது.

"குழந்தை."

சிரிப்பு நிற்கவில்லை. கோர்ட்டில் எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க நான் மறந்திருந்தேன்.

"குழந்தை."

"இருக்கேங்க" என்றாள்.